குளிர்கால சைக்கிள் பயணம்: எங்கே குளிர்கிறது என்று சொல்லுங்கள், ஏன் என்று பார்ப்போம்

டொரொண்டோவில் எனக்கு வேலைக்குப் போக வர சைக்கிள்தான். நகரின் கிழக்கே விக்டோரியா பார்க் பக்கம் வீடு. டான்ஃபோர்த் சாலையின் சைக்கிள் பாதையைப் பிடித்து மேற்கே வந்து, டான் பள்ளத்தாக்கின் மேலுள்ள நீளமான பாலத்தைத் தாண்டினால் ப்ளூர் தெரு. அங்கிருந்து பத்து நிமிடத்தில் அலுவலகம். போக ஒன்பது பத்து கி.மீ., வர அதே தூரம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இந்த வழியில் பனியும் உப்புத்தண்ணீரும் எதிர்காற்றும் உண்டு.

நவம்பர் பிறந்தால் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஜாக்கெட் வாங்கலாம்?” நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. “உங்களுக்கு எங்கே குளிருது?” என்று திருப்பிக் கேட்பேன். கால் விரலில் குளிர்கிறவருக்கும் முதுகில் குளிர்கிறவருக்கும் ஒரே மருந்து கிடையாது. காரணம் தெரியாமல் கடைக்குப் போனால் 300 டாலர் செலவழித்த பிறகும் அதே விரல் அதே இடத்தில் மரத்துப்போகும்.

நான் பார்த்தவரை, சைக்கிளில் வரும் குளிரில் பெரும்பங்கு துணி போதாமல் வருவதில்லை. காற்று உள்ளே புகுவது, ஈரம் உள்ளே தங்குவது, இறுக்கம் ரத்தத்தைத் தடுப்பது, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மிதிக்கும் உடம்பு ஓர் அடுப்பு மாதிரி. செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைக் காற்றிடம் பறிகொடுக்காமல், அதே நேரம் வியர்வையாகவும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

காற்று என்றால் எவ்வளவு? மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால், கனடாவின் வானிலைத் துறை பயன்படுத்தும் கணக்குப்படி அது மைனஸ் 18 போல உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். நடந்து போகிறவருக்குப் போதுமான உடுப்பு சைக்கிள்காரருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

முதலில் இரண்டு சோதனைகள்

வாசலில் சைக்கிளோடு நிற்கும்போது எப்படி இருக்கிறது? இதமாக, கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம். லேசாகக் குளிரவேண்டும், “உள்ளே போய் இன்னொன்று போட்டுக்கலாமா?” என்று தோன்றவேண்டும். பத்து நிமிடம் மிதித்ததும் அது சரியாகிவிடும்.

அடுத்தது, போய்ச் சேர்ந்ததும் முதுகுப் பக்கம் சட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உங்கள் சிக்கல் வியர்வை. காய்ந்து, ஆனால் சில்லென்று இருந்தால் காற்று. காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தும் விரல் மட்டும் விறைத்திருந்தால், அந்த விரலைச் சுற்றித்தான் ஏதோ தப்பு.

“கால் விரல்கள் மரத்துப்போகின்றன”

எல்லாரும் சொல்லும் புகார் இதுதான், எனக்கும் முதலில் வந்தது இதுதான். ஓடும்போதும் நடக்கும்போதும் பாதம் மடங்கி நிமிர்கிறது, ரத்தம் ஓடுகிறது. சைக்கிளில் பாதம் பெடலின் மேல் பலகை மாதிரி அசையாமல் இருக்கிறது, சுற்றுவதெல்லாம் தொடையும் முழங்காலும்தான். அதோடு பாதம்தான் சக்கரம் அடிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போது, எந்த இடத்தில் மரக்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும்.

*கிளம்பிய பத்து நிமிடத்துக்குள், எல்லா விரலும் ஒன்றாக:* இது இறுக்கம். என் முதல் டிசம்பரில் கோடைக்கால ஷூவுக்குள் மூன்று சாக்ஸ் போட்டு லேஸை இழுத்துக் கட்டியிருந்தேன். பாலத்தின் நடுவில் வலது காலின் கடைசி இரண்டு விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. அலுவலகத்தில் ஷூவைக் கழற்றியபோது இரண்டும் மெழுகு நிறத்தில் இருந்தன, சாக்ஸின் நெசவு தோலில் அப்படியே பதிந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், இங்கே முப்பது குளிர்காலம் கண்டவர், கேட்டதும் சொன்னார்: “தம்பி, மூண்டு சாக்ஸும் வேண்டாம். ஒண்டு காணும். சப்பாத்தை ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ. உள்ளுக்கை விரல் ஆடோணும், காத்து நிக்கோணும்.”

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். குளிரைத் தடுப்பது சாக்ஸின் நூல் இல்லை, நூலுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. நெருக்கி அடைத்தால் அந்தக் காற்றும் வெளியே போகிறது, ரத்தக்குழாயும் நசுங்குகிறது. இருக்கும் ஷூவில் ஒரு சாக்ஸைக் கழற்றி, மேல் இரண்டு ஓட்டை லேஸைத் தளர்த்தி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்குச் செலவில்லாமல் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அரை அல்லது ஒரு சைஸ் பெரிய ஷூ. வாங்கப் போகும்போது குளிர்கால சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். பாதம் பகலில் சற்று வீங்கும் என்பதால் மாலையில் போடுங்கள். நின்றபடி ஐந்து விரலையும் பியானோ வாசிப்பது போல ஆட்ட முடிந்தால் அதுதான் உங்கள் சைஸ்.

*இருபது நிமிடத்துக்குப் பிறகு, பாதத்தின் முன்பகுதி உள்ளங்காலில் ஒரு காசு அளவு இடம் மட்டும்:* இது இரும்பு. பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ போடுகிறவர்களுக்கு, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 1990-ல் கொண்டுவந்த எஸ்பிடி வகையோ வேறு எதுவோ, அடியில் உலோகத் துண்டு திருகியிருக்கும். அதற்காக அடித்தட்டில் ஓட்டையும் இருக்கும். உலோகம் வெப்பத்தை வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். இன்சோலை (ஷூவுக்குள் பாதம் படும் தட்டை) தூக்கி, அந்த ஓட்டைகளின் மேல் ஒட்டு நாடா ஒட்டி, அதன் மேல் கம்பளி அல்லது அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் இன்சோல் வையுங்கள். உயரம் கூடுவதால் ஷூ இறுகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவருக்குக் குளிர்காலத்தில் பூட்டும் பெடலே வேண்டாம். நைலான் உடம்புள்ள அகலமான தட்டைப் பெடல் மாட்டுங்கள். பிறகு நடக்கப் பயன்படும் எந்தக் குளிர்கால பூட்ஸும் சைக்கிள் பூட்ஸ்தான். கணுக்கால் மறையும் உயரம், நீர் புகாத வெளித்தோல், ரொம்ப விறைப்பாக இல்லாத அடி, இவ்வளவு இருந்தால் போதும். முழங்கால் வரை ஏறும் கனத்த பனி பூட்ஸ் வேண்டாம், கணுக்கால் மடங்காமல் முழங்கால் வலிக்கும். பூட்டும் பெடலை விட முடியாது, தூரம் அதிகம் என்பவர்களுக்கு ஷிமானோ, லேக், 45நார்த் போன்றவை குளிர்காலத்துக்கென்றே கணுக்கால் உயர பூட்ஸ் செய்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான செலவு.

*விரல்களின் மேல்புறம் மட்டும், எதிர்காற்றில்:* ஓட்டப்பந்தய ஷூவின் முன்பகுதி வலைதான், வெயிலுக்குச் செய்தது. நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) ஷூ உறை மேலே மாட்டினால் சரியாகும். விரல் பகுதியை மட்டும் மூடும் சின்ன உறையும் உண்டு. அவசரத்துக்கு, சாக்ஸுக்கும் ஷூவுக்கும் நடுவே விரல் பக்கம் ஒரு ரொட்டிப் பையை மாட்டிக்கொள்ளலாம். மைனஸ் 5 வரை இது நன்றாகவே வேலை செய்யும்.

*சாக்ஸ் நனைந்திருக்கிறது:* வெளியிலிருந்து வந்த தண்ணீரா, உள்ளே ஊறிய வியர்வையா என்று பிரித்துப் பாருங்கள். சாக்ஸை மூக்கருகே கொண்டுபோகவேண்டாம், ஷூவைப் பார்த்தால் போதும். வெளித்தோலில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வந்தது. டொரொண்டோவில் சாலையில் போடும் உப்பு பனியை உருக்கிவிடும். பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத அந்தச் சாம்பல் நிறக் குழம்பை முன்சக்கரம் நேராகப் பாதத்தின் மேல் வாரி இறைக்கும். இதற்கு மருந்து ஷூவில் இல்லை, மட்கார்டில் இருக்கிறது. முன் மட்கார்டின் கீழ் முனை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்காவது இறங்கவேண்டும். அப்படி இறங்காவிட்டால் பால் கேனை வெட்டி ஒரு நாக்கு மாதிரி கீழே திருகிவிடுங்கள். நான் 150 டாலர் பூட்ஸால் தீர்க்கப் பார்த்த சிக்கலை அந்தப் பிளாஸ்டிக் துண்டு தீர்த்தது.

உப்புக் கறை இல்லாமல் சாக்ஸ் மட்டும் ஈரம் என்றால் அது உங்கள் வியர்வை. பருத்தி சாக்ஸ் என்றால் கம்பளிக்கு மாறுங்கள். கம்பளியிலும் ஈரம் என்றால், மெல்லிய சாக்ஸ், அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் கனத்த கம்பளி என்று அடுக்குங்கள். மெல்லிய சாக்ஸ் மட்டும் நனையும், கம்பளி காய்ந்தே இருக்கும். நீண்ட தூரம் போகிறவர்கள் செய்யும் வேலை இது. தினசரி முக்கால் மணி நேரத்துக்கு எனக்கு இது தேவைப்பட்டதில்லை.

*ஷூ சரி, சாக்ஸ் சரி, காய்ந்தும் இருக்கிறது, ஆனாலும் விறைக்கிறது:* மேலே பாருங்கள். பாதத்துக்கு வரும் ரத்தம் கணுக்காலைத் தாண்டித்தான் வருகிறது. பேண்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி திறந்திருந்தால் ரத்தம் அங்கேயே ஆறிவிடும். நீள சாக்ஸ் போட்டு பேண்டை உள்ளே செருகுங்கள். உடம்பு மொத்தமும் குளிர்ந்தால் மூளை முதலில் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற. அதனால் சில நேரம் கால் விரலுக்கு மருந்து மார்பில் ஒரு கூடுதல் ஸ்வெட்டர். இன்னொன்று, இறங்கி இருநூறு அடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடங்கள். எந்தக் கருவியையும்விட வேகமாக விரலில் உயிர் திரும்பும்.

சூடுதரும் சின்னப் பொட்டலங்கள் கடைகளில் கிடைக்கும். உள்ளே இரும்புத் தூள், அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. காற்றுப்புகாத ஷூவுக்குள் கைக்கான பொட்டலம் அணைந்துபோகும், காலுக்கென்று தனியாக விற்பதையே வாங்குங்கள். தோலில் படாமல் சாக்ஸின் மேல், விரல்களின் மேற்புறம் ஒட்டுங்கள்.

“கைவிரல் வலித்து, பிறகு உணர்ச்சியே இல்லை”

கையும் பாதம் மாதிரிதான். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல், காற்றுக்கு முதலில் முகம் கொடுக்கிறது. ஐந்து விரல் கையுறையில் ஒவ்வொரு விரலும் தனித்தனியே நாலு பக்கமும் குளிரும். விரல்கள் ஒன்றாக இருக்கும் உறையில் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கவும் வேண்டும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டிரண்டு விரலாகப் பிரிந்த கையுறை. பூஜ்யத்திலிருந்து மைனஸ் 10 வரை எனக்கு அதுதான், உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று.

மைனஸ் 10-க்குக் கீழே கையுறையைத் தடிமனாக்கிக்கொண்டே போவதில் பலன் இல்லை, பிரேக்கை உணரமுடியாது. அப்போது ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிடும் பெரிய நியோப்ரீன் உறைகள் வாங்குங்கள். பார் மிட்ஸ், போகி என்றெல்லாம் சொல்வார்கள். கையை உள்ளே நுழைத்தால் பிரேக்கும் கியரும் உள்ளேயே இருக்கும், மெல்லிய கையுறையே போதும். உணவு டெலிவரி செய்யும் பையன்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஜனவரியில் டான்ஃபோர்த்தில் போகிற அவர்களின் மின்சைக்கிள்களைக் கவனியுங்கள். நாள் முழுக்கக் குளிரில் வேலை செய்கிறவர்கள் எதை நம்புகிறார்களோ அதை நானும் நம்புகிறேன்.

மணிக்கட்டையும் பாருங்கள். ஜாக்கெட் கையும் கையுறையும் சந்திக்கும் இடத்தில் தோல் தெரிந்தால் மேலே எதைப் போட்டும் பயனில்லை. பழைய சாக்ஸின் விரல் பகுதியை வெட்டி மணிக்கட்டில் மாட்டினால் அந்த இடைவெளி அடைபடும்.

இரண்டு விஷயங்களைக் குளிர் என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்து, கோடையிலும் அப்படியே வந்தால், அது உள்ளங்கையில் நரம்பு அழுந்துவது. ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், பிடியை மாற்றுங்கள். அதே மாதிரி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுக்கும்போதே விரல் நுனி கோடு போட்டது மாதிரி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அது ரேனோ எனப்படும் நிலையாக இருக்கலாம். மொரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் விவரித்தது. அதை உடுப்பால் மட்டும் தீர்க்கப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“உள்ளே நனைந்துபோய், சிக்னலில் நின்றதும் வெடவெடவென்று நடுங்குகிறேன்”

குளிர் நாட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் வாங்குவது முழங்கால் வரை வரும் கனத்த இறகு கோட்டு. பேருந்து நிறுத்தத்தில் நிற்பதற்கு அதைவிட நல்லது இல்லை. சைக்கிளுக்கு அது ஆகாது. பதினைந்து நிமிடத்தில் உள்ளே புழுங்கும், வியர்வை இறகில் இறங்கும், நனைந்த இறகு கட்டிகட்டியாகி வெப்பத்தைப் பிடிக்கும் சக்தியை இழக்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். நனைந்த பனியனோடு மைனஸ் 8-ல் சிவப்பு விளக்குக்காக ஒரு நிமிடம் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

முதல் குற்றவாளி பருத்தி பனியன். ஊரில் அது நம் உயிர் நண்பன், வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிரவைக்கும். இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறது. உடம்போடு ஒட்டும் அடுக்கு மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் பிடிக்காது. கம்பளி உறுத்தும் என்று பயப்படுகிறவர்கள் மெரினோவைத் தொட்டுப் பாருங்கள். இழை 20 மைக்ரானுக்கும் மெலிதாக இருந்தால் தோலைக் குத்தாமல் வளைந்துகொடுக்கும். புதிது விலை அதிகம் என்றால் பழைய துணிக்கடைகளில் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர்கள் 10, 15 டாலருக்குக் கிடைக்கும். என்னிடம் இருக்கும் மூன்றில் இரண்டு அப்படி வாங்கியவை.

எனக்கு ரொம்பப் பிடித்த உள்ளாடை நார்வேக்காரர்களின் வலைப் பனியன். 1933-ல் ஹென்ரிக் ப்ரூன் என்ற ராணுவ அதிகாரி மீன்வலையைத் தைத்து உருவாக்கியது. பார்த்தால் ஓட்டையும் ஓட்டையுமாக இருக்கும், இது என்ன சூடு தரப்போகிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஓட்டைகளில் காற்று நின்று சூடாகிறது, மேலே போடும் துணி தோலில் ஒட்டாமல் வியர்வை வெளியேறுகிறது. மேலே போட்ட ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்தால் உடனே குளிர்ச்சி, மூடினால் உடனே கதகதப்பு. சப்பாத்துக்கு அண்ணை சொன்ன “காத்து நிக்கோணும்” இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

மேலே என்ன போடுவது என்று கேட்டால், பூஜ்யத்தைச் சுற்றி உள்ள நாளுக்கு உள்ளே ஒரு கம்பளி, வெளியே காற்றுப்புகாத மெல்லிய ஜாக்கெட். மைனஸ் 5-க்குக் கீழே நடுவில் ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழை மேலாடை. மைனஸ் 15-ல் ஃப்ளீஸைக் கொஞ்சம் தடிமனாக்குவேன், அவ்வளவுதான். வெளி ஜாக்கெட்டில் நான் பார்ப்பது மூன்று. முதுகுப்பக்கம் நீளமாக இருக்கவேண்டும், குனிந்தால் இடுப்பு தெரியக்கூடாது. அக்குளில் ஜிப் இருக்கவேண்டும். கையுறையோடு இழுக்கும்படி ஜிப்பின் முனை பெரிதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு துண்டுக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் திறந்து மூட முடிந்தால்தான் மேட்டில் திறப்பீர்கள், இறக்கத்தில் மூடுவீர்கள்.

முதுகில் மட்டும் ஈரம் என்றால் அது பையின் வேலை. பையைச் சைக்கிள் கேரியருக்கு மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் வியர்த்தால், மெதுவாகப் போங்கள். குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவதற்குப் பெயர்போன ஃபின்லாந்தின் ஊலு நகரம், 2013-ல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்த ஊர், அங்கே பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் சாதாரணக் குளிர் உடுப்போடு நிதானமாகத்தான் மிதிக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னால் கிளம்புவது எந்த ஜாக்கெட்டையும்விட மலிவு.

“தொடை மேல்புறமும் முழங்காலும் சில்லிட்டுப்போகின்றன”

ஜீன்ஸ் பருத்திதான், காற்றையும் விடும் தண்ணீரையும் பிடிக்கும். உள்ளே மெல்லிய கம்பளி தெர்மல், மேலே சாதாரண செயற்கை இழை பேண்ட். மைனஸ் 10 வரை இது போதும். அதற்குக் கீழே முன்பக்கம் மட்டும் காற்றுப்புகாத துணியும் பின்பக்கம் காற்றோட்டமும் உள்ள பேண்ட் நல்லது. ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு வலி உண்டு, எதிர்காற்றில் அரைமணி நேரத்தில் தெரியும். முன்புறம் காற்றுத் தடுப்பு வைத்த உள்ளாடையே இதற்காக விற்கிறார்கள். தயங்காமல் வாங்குங்கள்.

“காது வலிக்கிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது”

ஊரில் மார்கழி மாதம் தாத்தாக்கள் போடும் குரங்குக் குல்லாதான் இங்கேயும் தீர்வு. ஆனால் அந்தத் தடிமன் கூடாது, ஹெல்மெட் சரியாக உட்காராது. மெல்லிய கம்பளிக் குல்லா போட்டு, ஹெல்மெட்டின் பின்பக்கப் பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கம்பளிக்கு இடம் விட்ட பிறகும் ஹெல்மெட் ஆடக்கூடாது. முன்பக்க ஓட்டைகளை ஒட்டு நாடாவால் மூடிவிட்டால் நெற்றி வலி போகும்.

கண்ணாடியில் ஆவி படிவது மூச்சு மேல்நோக்கிப் போவதால். துணியை மூக்கின் மேல் ஏற்றாமல், மூக்குக்குக் கீழே நிறுத்தி வாயையும் தாடையையும் மட்டும் மூடுங்கள். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மூச்சுக் காற்றில் நனைந்த கழுத்துத் துணி அரைமணியில் உறைந்து அட்டை மாதிரி ஆகிவிடும், வீடு திரும்ப இன்னொன்றைப் பையில் வைத்திருங்கள். குளிர்காற்றில் நெஞ்சு இறுகுகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், வாய்த்துணி இல்லாமல் கிளம்பவேண்டாம்.

“மைனஸ் 10-ல் சரியாக இருந்தது, 2 டிகிரியில் நடுங்குகிறேன்”

தப்பு உங்கள் உடம்பில் இல்லை. மைனஸ் 10-ல் பனி பொடியாக உதிர்ந்துபோகும். 2 டிகிரியில் அது மழையாகவும் சகதியாகவும் வந்து துணிக்குள் இறங்கும். டொரொண்டோவின் மிக மோசமான சைக்கிள் நாட்கள் மார்ச் மாதத்தில் வருவது இதனால்தான். அன்றைக்குச் சூட்டை மறந்து, நீரைத் தடுப்பதை மட்டும் பாருங்கள். மழை ஜாக்கெட், மழை பேண்ட், ஷூவின் மேல் உறை. பேண்டின் கால் உறைக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே செருகினால் தண்ணீர் நேராக ஷூவுக்குள் வடியும். மாற்று சாக்ஸும் கையுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருங்கள்.

இது தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்

வலித்துக்கொண்டிருந்த விரல் சட்டென்று வலிக்காமல் போய், தோல் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஆனால் அது உறைபனிக் காயத்தின் தொடக்கம். காற்றோடு சேர்ந்து மைனஸ் 28-க்குக் கீழே உணரும் நாட்களில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். ஏதாவது கடைக்குள் நுழையுங்கள். கை என்றால் அக்குளில் வையுங்கள். தேய்க்கவேண்டாம், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். வெந்நீர் வேண்டாம், 37 முதல் 39 டிகிரி வரை வெதுவெதுப்பான நீர் போதும். சூடாக்கிய பிறகு மறுபடி உறையவிடுவது இன்னும் அதிகம் சேதப்படுத்தும், அதனால் மிச்ச தூரத்துக்குப் பேருந்தோ சப்வேயோ பிடியுங்கள். கொப்புளம் வந்தாலும் உணர்ச்சி திரும்பாவிட்டாலும் மருத்துவமனை.

நடுக்கம் நிற்காமல் வருவது, பேச்சு குழறுவது, பூட்டைத் திறக்கச் சாவியைப் பிடிக்க முடியாமல் போவது, இவை உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதன் அறிகுறிகள். அந்த நிலையில் இருப்பவருக்குத் தனக்கு ஆபத்து என்றே தெரியாது. கூட ஓட்டுகிறவர்தான் பார்த்து நிறுத்தவேண்டும், ஆம்புலன்ஸுக்கு 911-ஐ அழைக்கவேண்டும்.

“காலையில் சரி, மாலையில் அதே உடுப்பில் குளிர்கிறது”

காலையில் ஊறிய ஈரம் மாலைவரை காயவில்லை. ஜாக்கெட்டை நாற்காலியில் சுருட்டிப் போடாமல், உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். கையுறையை அலுவலக ஹீட்டர் மேல் நேராக வைக்காமல் பக்கத்தில் நிறுத்துங்கள். ஷூதான் முக்கியம். ஹீட்டரில் வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். வந்ததும் இன்சோலை உருவி வெளியே வையுங்கள், நாக்கை முழுதாக முன்னால் இழுத்துவிடுங்கள், செய்தித்தாளைக் கசக்கி விரல்நுனி வரை அடையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்துவிடும், எடுத்துவிட்டு வேறு அடையுங்கள். மேலே படிந்த உப்பை, ஒரு பங்கு வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்த துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் வறண்டு அந்த இடத்தில்தான் முதல் விரிசல் விழும்.

இப்போதெல்லாம் வீட்டில் செய்தித்தாள் வருவதில்லையே என்பீர்கள். டொரொண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் எந்தத் தமிழ்க் கடை வாசலிலும் இலவசத் தமிழ் இதழ்கள் அடுக்கியிருக்கும். சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது ஒன்று எடுத்து வருவேன். ஞாயிறு முழுக்கப் படித்துவிட்டு, திங்கள் இரவிலிருந்து ஒவ்வொரு தாளாக ஷூவுக்குள் போகும்.